வெளிச்சத்தை ஆட்டாதே

அக்கா இருக்காங்களாங்கிறீங்க. இல்லீங்க. பால் சொசைட்டிக்குப் போயிருக்கறா, இப்ப வந்துருவா. உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. அந்தப் பச்சைத் துப்பட்டாவை மட்டும் எடுத்து முடிஞ்சுக்குங்க, வண்டிச் சக்கரத்துல கிக்கரத்துல மாட்டிக்கப் போகுது.

வண்டிக்கு என்னங்க? வலது பக்க இண்டிகேட்டர் போட்டா ரெண்டு பக்கமும் மினுங்குதா? அது ஒண்ணுமில்லீங்க, எங்கியோ ரெண்டு ஒயரு ஒட்டிக்கிட்டிருக்கும். சித்த பொறுங்க, என்ற பெட்டியை எடுத்துட்டு வந்து நானே...

என்ன, அக்காவே வரட்டும்ங்கிறீங்களா?

பாத்தீங்களா. நீங்களும் அதையேதான் சொல்றீங்க. போன ஆயுத பூசை வரைக்கும் இந்தக் கேட்டுக்கு முன்னால ஒரு வண்டி வந்து நின்னா, 'நாச்சிமுத்தண்ணன் இருக்காருங்களா'ன்னுதான் கேப்பாங்க. இன்னிக்கு நான் கேட்டைத் தொறந்து உடற ஆளு, சேரை எடுத்துப் போடற ஆளு. உங்க மேல கோவமில்லீங்க. உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க ஸ்கூலுக்கு மாத்தல்ல வந்தே கொஞ்ச நாளுதான் ஆச்சுங்கிறாங்க.

அவ வர்றதுக்குள்ள சொல்லிப்போடறேன். நான் ஏமாந்த கதைங்க இது. ஏமாத்துனது வெளியாளு இல்லை, என்ற ஊட்டுக்காரி. துளசிமணி. ஊருக்கெல்லாம் துளசியக்கா. அவ ஒருத்தியா ஏமாத்தலீங்க, இந்தத் தெருவே சேந்து ஏமாத்துச்சு.

அந்தப் பெட்டியைப் பாருங்க. படிக்கட்டுக்குக் கீழ இருக்குதே, அதுதான். ஒரு கையில தூக்க முடியாது. நான் ரைஸ் மில்லுல எடை போட்டுக்கிட்டிருந்தவனுங்க. எது நல்ல இரும்பு, எது தகரம்னு எனக்கு ஒருத்தன் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்பேனரைக் கையில எடுத்தா மணிக்கட்டு கொஞ்சம் எறங்கோணும். எறங்கலைன்னா அது ஸ்பேனரே இல்லை, பொம்மை. ஸ்க்ரூ டிரைவரும் அப்படித்தான், கட்டிங் பிளேயரும் அப்படித்தான். ஸ்பேர்ஸ் கடையில ரஃபீக் பாய் சிரிப்பாரு. 'அண்ணே, ஒயரிங் வேலைக்கு இத்தாப்பெரிய பிளேயர் எதுக்கு, இதுல மாட்டைக்கூட புடிச்சு நிறுத்தலாமே'ம்பாரு. சிரிச்சுட்டுப் போறாருன்னு உட்டுருவேன்.

மெக்கானிக்குகிட்ட வண்டியை உடறவனைக் கண்டா எனக்கு ஆகாதுங்க. சொந்த வண்டிக்குச் சொந்தக் கையி. ஆயில் மாத்தறது, செயின் இறுக்கறது, பிளக்கு கழட்டித் தேய்க்கறது எல்லாம் ஞாயித்துக்கிழமை இந்தப் போர்டிகோவுலதான். அதெல்லாம் நல்லாத்தான் செஞ்சேன், அதுல ஒரு பய குறை சொல்ல முடியாது. ஒயரிங்கும் நானேதான். ஒயரைப் பல்லுல கடிச்சு ஒரு இழு இழுத்தா தோலு தனியா வந்துரும். ரெண்டையும் சேத்து முறுக்கி, டேப்பை நாலு சுத்து சுத்தி, கட்டை வெரல்ல ஒரு அமுக்கு. அதுக்கு மேல என்ன வேணும்? ப்யூஸ் போச்சுன்னா சாக்லேட் சுத்தி வர்ற வெள்ளிப் பேப்பரை மடிச்சு வெச்சா வண்டி பாட்டுக்கு ஓடும். மறுக்கா ப்யூஸ் போகவே போகாது.

ஒயரிங்குல எனக்கு ஒரே ஒரு கோவம், அது கம்பெனிக்காரன் மேல. செவப்பு ஒயரு, பச்சை ஒயரு, மரக்கலர் ஒயருன்னு புஸ்தகத்துல வக்கணையா போட்டிருப்பான். தொறந்து பாத்தா எல்லாம் காஞ்ச வாழைச்சருகாட்டம் ஒரே மாதிரி இருக்கும். சாயத்துல மிச்சம் புடிக்கறானுங்க. மஞ்சளும் நீலமும் மட்டும் ஒழுங்காப் போடுவான். இதை எத்தனையோ பேருகிட்டச் சொல்லிட்டேன், ஒருத்தனும் ஆமாங்கலை, இல்லீங்கவும் இல்லை.

ஒயரிங் வேலைன்னா லைட்டுப் புடிக்க ஒரு ஆளு வேணுமில்லைங்களா? அது துளசிதான். கல்யாணம் ஆன புதுசுலருந்து அவதான். டார்ச்சை வெச்சுக்கிட்டு பக்கத்துல குந்தியிருப்பா. ஆனா அம்மிணி, அவளுக்கு லைட்டுப் புடிக்கத் தெரியாதுங்க. நான் ஒரு ஒயரைத் தொடுவேன், அவ வெளிச்சத்தைப் பக்கத்து ஒயரு மேல அடிப்பா. 'ஏம்புள்ள, நான் எங்க கை வெச்சிருக்கறேன், நீ எங்க அடிக்கறே? ஆட்டாமப் புடி'ன்னு கத்துவேன். ஆனா வெளிச்சம் நகராது, அந்தப் பக்கத்து ஒயரு மேலயே நிக்கும். சரி, இவகூட மல்லுக்கட்ட யாரால முடியும்னு வெளிச்சம் எங்க நிக்குதோ அந்த ஒயரையே புடிச்சு முறுக்கிருவேன். வண்டி ஓடும். ஓடுச்சுங்க. ஒரு நாளும் நிக்கலை.

அதைவிடக் கூத்து ஒண்ணு. ஒரு வாட்டி ஹெட்லைட்டு டூமைக் கழட்டறேன், உள்ள ஒயருக்கெல்லாம் தையல் நூலு கட்டியிருக்குது. ஒண்ணுல ஒரு முடிச்சு, இன்னொண்ணுல ரெண்டு முடிச்சு, இன்னொண்ணுல மூணு. 'என்னடி இது, வண்டிக்குக் காத்துக்கருப்பு அண்டிருச்சா, மந்திரிச்சுக் கட்டியிருக்கே'ன்னேன். 'சாமிகிட்ட வெச்சுக் கட்டுனதுங்க, இருந்துட்டுப் போகட்டும்'ன்னா. எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் ஆகாதுங்க. பிளேடை வெச்சு அத்தனையும் அறுத்துப் போட்டேன். அடுத்த வாட்டி தொறந்தா மறுபடியும் நூலு. மறுபடியும் அறுத்தேன். அவளும் உடலை.

அவளுக்கு எம்மேல என்னைக்குமே ஒரு எளக்காரம் உண்டுங்க. சந்தைக்குப் போனா தக்காளி வாங்கறதுக்கு என்னை உட மாட்டா. 'உங்களுக்குப் பழமும் தெரியாது, காயும் தெரியாது'ம்பா. கத்திரிக்கா வாங்கலாம், வெங்காயம் வாங்கலாம், தக்காளி மட்டும் அவதான். என்ற சட்டையைக்கூட அவதான் எடுத்து வெப்பா. சம்பாரிச்சுப் போட்ட மனுசனுக்கு இதான் மரியாதை.

சரி, கதைக்கு வர்றேன். எங்க வண்டி நிக்காம ஓடறதைப் பாத்துட்டு எதுத்த ஊட்டு அர்த்தநாரி ஒரு நாளு வந்தாரு. அவரு தாலுக்கா ஆபீசுல இருந்து ரிட்டயர்டு ஆனவரு. 'நாச்சிமுத்து, என்ற வண்டியில ஆரன் அடிக்க மாட்டீங்குது, பாரேன்'ன்னாரு. அந்நேரம் துளசி ஊர்ல இல்லை. எம்பொண்ணு மேகலாவுக்குப் பிரசவம், ஈரோட்டுக்குப் போயிட்டா. நான் தனியாத்தான் செஞ்சேன். டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு நானே லைட்டும் புடிச்சுக்கிட்டு, நிம்மதியா, யாரும் குறுக்க அடிக்காம.

வண்டியை ஸ்டார்ட் பண்ணுனாரு. பிரேக்கைப் புடிச்சா ஆரன் அடிக்குது. ஆரனை அமுத்துனா லைட்டு அணையுது. ரெண்டாவது வாட்டி அமுத்துனாரு, ஹேண்டிலுக்குக் கீழருந்து குபுகுபுன்னு பொகை. தெருவே வெளிய வந்து நிக்குது. அர்த்தநாரி ஒரு வார்த்தை திட்டலீங்க, திட்டியிருந்தாத் தேவலாம். வண்டி மேல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, வேர்வையைத் தொடச்சுக்கிட்டு, 'தப்பு எம்மேலதான், துளசி வந்த பொறகு குடுத்திருக்கோணும்'ன்னாரு.

எனக்கு ஒண்ணும் வெளங்கலை. துளசி வந்து என்ன பண்ணுவா, லைட்டுப் புடிப்பாளான்னு கேட்டேன். அவரு தன்ற சம்சாரத்தைப் பாக்கறாரு, சம்சாரம் கீழ பாக்குது. 'வாய் தவறிச் சொல்லிட்டேன்பா'ன்னு உள்ள போயிட்டாரு.

அதுலருந்து மனசுல ஒரு முள்ளுங்க. துளசி வந்தா. கேக்கலை. எதைன்னு கேக்கறது?

அப்பறந்தான் ஆயுத பூசை வந்துச்சு. எங்கூட்டுல ஆயுத பூசைன்னா பெரிய விசேசம் அம்மிணி. என்ற பெட்டியில இருக்கற அத்தனை சாமானையும் மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு, வாழையிலையில வரிசையா அடுக்கி வெப்பேன். துளசி சந்தனம் வெச்சு, அது மேல குங்குமம் வெப்பா. பொரி, கடலை, வாழப்பழம், வண்டிச் சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம், எல்லாம் முறையா நடக்கும். பூசை முடிஞ்சு சூடத்தட்டைத் தொட்டுக் கும்புட்டுட்டு, ஊதுபத்தி இன்னொண்ணு பத்த வெக்கலாம்னு சாமி படத்துக்குப் பின்னால கையை உட்டேன். ஊதுபத்தி வரலை. ஒரு மூட்டை வந்துச்சு.

ரவிக்கைத் துணியில சுத்தி வெச்சிருக்கறா. பிரிச்சா உள்ள கரண்டு வருதான்னு பாக்கற சின்ன மீட்டரு ஒண்ணு, ஒயரு சீவற பிளேயர் ஒண்ணு, ஒயரு முனையில பித்தளைக் கொக்கியை வெச்சு நசுக்கற பிளேயர் ஒண்ணு, அளவு அளவா ப்யூசு, ஒரு நூல்கண்டு. எல்லாத்துக்கும் பூசை பண்ணியிருக்கறா! அதுலதானுங்க அவ மாட்டுனது. ஒளிச்சு வெச்சவ பரண் மேல வெச்சிருந்தா ஆயுசுக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆயுத பூசையன்னிக்குச் சாமானைப் பூசையில வெக்காம இருக்க அவளுக்கு மனசு வரலை. புருசனை ஏமாத்த மனசு வந்துச்சு, சாமியை ஏமாத்த வரலை.

வெளிய போயி என்ற வண்டி டூமைக் கழட்டிப் பாத்தேன். நான் முறுக்கி டேப்பு சுத்துன ஒரு எடம் இல்லீங்க! எல்லாத்தையும் அவுத்து, கொக்கி போட்டு நசுக்கி, அது மேல ரப்பர் குழாய் மாட்டி, அழகா வரிசையாக் கட்டி வெச்சிருக்கறா. வெள்ளிப் பேப்பரைக் காணோம், புது ப்யூசு இருக்குது. நான் ஞாயித்துக்கிழமை வேலையை முடிச்சுட்டுச் சோத்தைத் தின்னுட்டுப் படுப்பேன். படுத்த பொறகு இவ வெளிய வந்து அத்தனையையும் பிரிச்சுத் திரும்பச் செஞ்சிருக்கறா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். இத்தனை வருசமும் நிக்காம ஓடுனது என்ற வேலை இல்லீங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சத்தி ரோட்டுல போனேனே, அது அவ வேலை.

ரஃபீக் பாய்க்குத் தெரியும், சாமான் அவருகிட்டத்தான் வாங்கியிருக்கறா. மேகலாவுக்குத் தெரியும். அர்த்தநாரிக்குத் தெரியும், அவரு சம்சாரத்துக்குத் தெரியும். அவங்க வண்டியெல்லாம் நான் மில்லுக்குப் போன பொறகு இங்கதான் வந்து நின்னிருக்குது. எனக்கு மட்டுந்தான் தெரியாது. சொல்லுங்க அம்மிணி, இதை என்னன்னு சொல்றது?

உள்ள போயி மூட்டையை அவ முன்னால போட்டேன். 'எதுக்கடி இப்படிப் பண்ணுனே'ன்னேன். அழுகலீங்க அவ. 'மேகலா டியூசன் போயிட்டு வர்றப்ப, இருட்டுக் கட்டுற நேரத்துல, லைட்டு அணைஞ்சு லாரிக்காரன் ஒரசிட்டுப் போனானே, ஞாபகம் இருக்குதுங்களா'ன்னா. இருக்குது. புள்ளைக்கு முழங்கையில தழும்பு இன்னும் இருக்குதுங்க. 'முந்தின நாளு நீங்க முறுக்குன ஒயருங்க. அன்னிக்கு நான் லைட்டுப் புடிக்கலை, எனக்குக் காய்ச்ச. எம்புள்ள ஏறிப் போற வண்டி, நீங்க ஏறிப் போற வண்டி. அன்னிக்கிருந்து நானே பாத்துக்கறேன்'ன்னா.

சரி, அதை விடுங்க. நான் கேட்டது ஒண்ணேதான். 'தப்பாச் செய்யறீங்கன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? ஏன் சொல்லலை?' 'சொன்னா வருத்தப்படுவீங்க'ங்கறா. 'தப்புன்னாத் திருத்திக்குவேன், எதுக்கடி வருத்தப்படறேன்'ங்கறேன். 'திருத்தற காரியம் இல்லீங்க'ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அன்னிக்கு நான் சொன்னேன், அது என்ன காரியம்னு நீ சொல்ற வரைக்கும் உங்கூடப் பேச்சும் இல்லை, உனக்கு ஒயரு சீவற இந்தப் பிளேயரும் இல்லைன்னு. பீரோவுல வெச்சுப் பூட்டிச் சாவியை அரணாக்கயித்துல கட்டிக்கிட்டேன். கேப்பான்னு பாத்தேன். கேக்கலை. அதில்லாமயே எப்படியோ சமாளிக்கறா. சோறு போடறா, நான் திங்கறேன். ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு பேரும் சத்திரத்துல தங்குனவங்களாட்டம் இருக்கறோம். எனக்கு அந்தப் பதில் வேணுமுங்க. அது தெரியாம இந்த ஊட்டுல என்னால நிம்மதியா ஒரு வாய் தண்ணி குடிக்க முடியலை.

இருங்க, காட்டறேன். உள்ள வாங்க, பீரோ இந்த ரூம்புலதான் இருக்குது.

இந்தாங்க. அந்தப் பிளேயரு, கையில வாங்கிப் பாருங்க. கனமே இல்லை, காத்தாட்டம் இருக்குது. இதுலதான் எல்லாம் பண்ணியிருக்கறா. சந்தனம் காஞ்சு ஒட்டியிருக்குது பாருங்க, இந்த மூக்குல. சந்தனம் வெச்சவ குங்குமம் வெக்கலை. என்ற சாமானுக்கெல்லாம் ரெண்டும் வெச்சா. திருட்டுச் சாமானுக்கு அரைப் பூசை போதும்னு உட்டுட்டா.

என்னங்க? இருக்குதா? எங்க?

கைப்பிடி மேலயா? எங்கங்க, இங்க ஒண்ணும் காணமே. வெரலை வெச்சுக் காட்டுங்க. இங்கயா? இது கைப்பிடிதானுங்க, வெறும் கைப்பிடி.

பச்சைக் கைப்பிடியில செவப்பாப் பளிச்சுன்னு தெரியுதுங்கிறீங்க.

இருங்க. தொட்டுப் பாக்கறேன். ஆமா, பொடியா ஒட்டுது. மோந்து பாத்தா குங்கும வாசம் அடிக்குது. வேட்டியில தேய்ச்சா... அட, வேட்டியில கறை தெரியுதுங்க. கறுப்பா ஒரு இழுவை. இதுல இருந்தப்பத் தெரியலை. இங்க வெளிச்சம் பத்தலை போல. சன்னலைத் தொறக்கறேன்.

தொறந்துதான் இருக்குதுங்களா?

அம்மிணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க துப்பட்டா என்ன கலருங்க?

செவப்பா? நல்ல செவப்பா?

நான் பச்சைத் துப்பட்டான்னு சொன்னப்ப நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே. தலையை ஆட்டிக்கிட்டு முடிஞ்சுக்கிட்டீங்களே. அப்பவே இது பச்சை இல்லீங்க செவப்புன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?

பெரியவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு உட்டுட்டீங்களா. மனசு சங்கடப்படும்னு.

ஓகோ. நீங்களும் அப்படித்தானா. வந்து உக்காந்து ஒரு டம்ளர் தண்ணி குடிக்கலை, அதுக்குள்ள நீங்களும் அவகூடச் சேந்துட்டீங்க.

கேட்டுச் சத்தம் கேக்குது. அவதான். நீங்க இதையெல்லாம் ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தப் பிளேயரை இப்படிக் குடுங்க. வேண்டாம், இருக்கட்டும், என்ற கையிலயே இருக்கட்டும், பாத்தாப் பாக்கட்டும்.

வா. டீச்சரம்மா உனக்காகத்தான் உக்காந்திருக்கறாங்க. இண்டிகேட்டராம். ஆமா, நாந்தான் பேசறேன். உங்கூடத்தான் பேசறேன். ஏன் அப்படிப் பாக்கறே? பால் கேனைக் கீழ வை மொதல்ல. இந்தா, உன்ற பிளேயரு. புடி.

டார்ச்சு எங்கேன்னு கேக்காதே, எங்கிட்டத்தான் இருக்குது. வெளிய வண்டிகிட்ட வா, நீ கழட்டு, நான் லைட்டு அடிக்கறேன். இத்தனை வருசம் நீ எனக்குப் புடிச்சே.

பாருங்க அம்மிணி, எப்படிக் கழட்டறா பாருங்க. ஸ்க்ரூ ஒண்ணு கீழ உழுகலை. இந்த ஒயருதானா கோளாறு? சரி. இப்ப என்ன பண்றான்னு பாருங்க. முந்தானையிலருந்து ஒரு நூலை உருவறா. உருவி அந்த ஒயர்ல முடிச்சுப் போடறா! ஏம்புள்ள, இது டீச்சரம்மா வண்டி. அவங்களுக்கு நல்லாக் கண்ணு தெரியும். இதுக்கு எதுக்கு நூலு?

கைப் பழக்கமா?

துளசி. இந்த ஒயரு என்ன கலரு? அவங்க முன்னாலயே கேக்கறேன், சொல்லு. இது என்ன கலரு?

கேட்டீங்களா அம்மிணி, என்ன சொல்றான்னு? 'அது ஒரு முடிச்சு ஒயருங்க'ங்கறா. நான் கலரைக் கேட்டா முடிச்சைச் சொல்றா. இப்பவும் சொல்ல மாட்டீங்கறா பாருங்க. பக்கத்துல இருக்கறது என்னதுடி? ரெண்டு முடிச்சா? சரி. கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு, இனி நான் அறுக்க மாட்டேன்.

என்ன? வெளிச்சத்தை ஆட்டாதீங்கங்கறியா?

நான் எங்கடி ஆட்டறேன். ரெண்டு கையிலயும் புடிச்சிருக்கறேன். நீங்க சொல்லுங்க அம்மிணி, இந்த வாட்டியாவது மறைக்காமச் சொல்லுங்க. என்ற கை ஆடுதுங்களா?